பனிக்காலத்தில் பூத்த கிழங்குகள்



உங்கள் வீட்டு அடுக்களையில் உள்ள வெங்காயக் கூடையை நீங்கள் கூர்ந்து நோக்கியதுண்டா? சில நாள் எவரும் கை வைக்காமல் விட்டுவிட்டால், மூலையில் கிடக்கும் ஒரு வெங்காயம் தானாகவே பச்சைத் தளிரை நீட்டிக்கொண்டு நிற்கும். அதற்கு மண் இட்டவர் இல்லை. நீர் வார்த்தவர் இல்லை. வெயிலும் அங்கே எட்டிப் பார்ப்பதில்லை. நான் ஆசிரியர் பயிற்சி பெற்ற காலத்தில், வாயகன்ற புட்டியில் நீரை நிரப்பி, அதன் வாயில் ஒரு பெரிய வெங்காயத்தை அமர்த்தி, அடிப்பாகம் மட்டும் நீரைத் தொடுமாறு வைக்கக் கற்றுக்கொடுத்தார்கள். மூன்று நான்கு நாட்களில் வெள்ளை வெளேரென வேர்கள் கிழவரின் தாடிபோல நீருக்குள் இறங்கும். பிறகு நான் பணியாற்றிய ஆண்டுகளிலெல்லாம் இந்தப் புட்டி என் வகுப்பறைச் சன்னலில் இடம்பெறத் தவறியதில்லை. பிள்ளைகள் பாடத்தை மறந்தாலும் புட்டியை மறப்பதில்லை.

இந்தச் சிறு வித்தைக்கு ஒரு நெடிய சரித்திரம் உண்டு. வெங்காயத்துக்குப் பதிலாக அதன் தூரத்து உறவினரான சில பூங்கிழங்குகளைப் புட்டியின் வாயில் அமர்த்தி, வெளியே பனி மூடிக் கிடக்கும் டிசம்பர், ஜனவரி மாதங்களில் வீட்டுக்குள்ளே பூக்க வைத்தார்கள் ஐரோப்பிய மக்கள். அந்தச் சரித்திரத்தில் பேரரசரின் தூதர் வருகிறார், திருடர் வருகின்றனர், நீராவி எந்திரம் கட்டிய பொறியாளர் ஒருவர் வருகிறார், இறுதியில் பெரும் பசியும் வருகிறது. அதைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

முதலில் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். பனிக்காலத்துப் பூ என்பது நமக்கு அரிய பொருள் அன்று. மார்கழி மாதத்தில் நம் வாசற்கோலத்தின் நடுவே சாணப் பிள்ளையாரின் தலையில் பூசணிப்பூ சிரிக்கிறது. செவ்வந்தியும் சாமந்தியும் கடைத்தெருவில் குவிந்து கிடக்கின்றன. ஆனால், ஹாலந்து நாட்டின் ஹார்லெம் நகரில் டிசம்பர் மாதப் பகல் எட்டு மணி நேரம் கூட நீடிப்பதில்லை. மரங்கள் இலையின்றி நிற்கும். தோட்டம் உறைந்து கிடக்கும். மின்விளக்கும் வெந்நீர்க் குழாயும் இல்லாத காலத்தில், நிலக்கரிப் புகை படிந்த ஓர் அறையின் சன்னலில் நீல நிறப் பூங்கொத்து ஒன்று மணம் பரப்பி நின்றால், அந்த வீட்டாருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இந்தப் பூக்களில் தலைமையானவை இரண்டு. ஒன்று டூலிப்; கிண்ணம் போன்ற ஒற்றைப் பூவை உடையது. மற்றொன்று ஹயசிந்த், தடித்த ஒரே தண்டில் சிறு மணிகளைப் போலப் பல பூக்களைச் சூடி நிற்பது, நறுமணம் மிக்கது. இவ்விரண்டையும் ஹாலந்தின் சொந்தப் பிள்ளைகள் என்று பலர் நினைக்கின்றனர். அது பிழை. டூலிப்பின் பூர்வீகம் மத்திய ஆசியாவின் மலைத்தொடர்கள். ஹயசிந்தின் பூர்வீகம் துருக்கியின் தென்பகுதி, சிரியா, லெபனான் ஆகிய இடங்கள். அங்கே கோடை நெருப்பாகச் சுடும். மழை என்பதே இராது. குளிர்காலத்தில் கடுங்குளிர் அடிக்கும். இவ்விரண்டுக்கும் நடுவே இளவேனில் சில வாரங்கள் வந்து மறையும். அந்தச் சில வாரங்களுக்குள் இலை விட்டு, பூத்து, காய்த்து, அடுத்த ஆண்டுக்கு வேண்டிய உணவையும் சேர்த்துக்கொண்டாக வேண்டும். ஆகவே, இச்செடிகள் தம் செல்வம் அனைத்தையும் மண்ணுக்கடியில் ஒரு கிழங்காகத் திரட்டி வைத்துக்கொண்டு, வெயில் வந்ததும் மேலே உள்ளதை உதிர்த்துவிட்டு உள்ளே உறங்கப் போய்விடுகின்றன. இக்கிழங்கைத் தாவர நூலார் குமிழம் என்பர். வெங்காயத்தில் ஏடு ஏடாக உரிகிறதே, அவையெல்லாம் உணவைச் சேமித்து வைத்த இலைகளே.

இந்தச் செடிகளைத் தோட்டத்தில் வளர்த்துப் போற்றியவர்கள் பாரசீகரும் துருக்கியரும். பாரசீகர் தம் புத்தாண்டாகிய நவ்ரோஸ் விழாவில், மார்ச் மாதம் இளவேனில் தொடங்கும் நாளில், விழா மேசையின் மீது ஹயசிந்த் மலரை வைப்பது இன்றும் உள்ள வழக்கம். துருக்கிச் சுல்தான்களின் தலைநகரிலிருந்து பதினாறாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இக்கிழங்குகள் ஐரோப்பாவுக்குப் பயணப்பட்டன. சுல்தான் சுலைமானின் அவைக்கு ஜெர்மானியப் பேரரசரின் தூதராகச் சென்ற புஸ்பெக் என்பவர் தம் கடிதங்களில் டூலிப்பைப் பற்றி எழுதியுள்ளார். 1559-ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் நகரத் தோட்டம் ஒன்றில் டூலிப் பூத்ததைக் கண்டு, கான்ராட் கெஸ்னர் என்ற சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் அதை விவரித்து எழுதினார்.

இனி வெங்காயத்துக்கு வருவோம். 1562-ஆம் ஆண்டு ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் ஒரு வணிகருக்குத் துருக்கியிலிருந்து துணிப்பொதி வந்தது. அதனுடன் சில கிழங்குகளும் இருந்தன. வணிகர் அவற்றைப் புது வகை வெங்காயம் என்று கருதிவிட்டார். சிலவற்றைத் தணலில் சுட்டு, எண்ணெயும் புளிக்காடியும் சேர்த்து உண்டார். எஞ்சியவற்றைக் காய்கறித் தோட்டத்தில் முட்டைக்கோசுகளுக்கு நடுவே புதைத்து வைத்தார். அவற்றுள் பிழைத்த சிலவற்றைப் பூக்களின் அருமை அறிந்த வேறொருவர் கண்டு காப்பாற்றினார். இந்த நிகழ்ச்சியை நமக்கு எழுதி வைத்தவர் கரோலஸ் குளூசியஸ் என்னும் தாவர அறிஞர். வணிகரை எண்ணி அக்காலத்தார் நகைத்திருப்பர். ஏறத்தாழ நானூறு ஆண்டுகளுக்குப் பின், அந்தக் கிழங்கை அதே பகுதியைச் சேர்ந்த மக்கள் வேறு வழியின்றி உண்ணப் போகிறார்கள் என்பது அன்று யாருக்குத் தெரியும்? அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

குளூசியஸ் 1526-இல் பிறந்தவர். வியன்னாவில் பேரரசரின் தோட்டத்துக்குப் பொறுப்பாக இருந்தபின், தம் முதுமையில், 1593-ஆம் ஆண்டு ஹாலந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்துக்கு வந்து அங்கே தாவரத் தோட்டம் அமைத்தார். அடுத்த ஆண்டிலேயே அத்தோட்டத்தில் டூலிப் மலர்ந்தது. ஆசிரியர் என்ற முறையில் எனக்கு அவரிடம் தனி மதிப்பு உண்டு. கிழங்குகளையும் விதைகளையும் கடிதத்துடன் சேர்த்து ஐரோப்பா முழுவதும் இருந்த நண்பர்களுக்கு இலவசமாக அனுப்பிக் கொண்டிருந்தார். ஆனால், அவர் தோட்டத்துக் கிழங்குகளைத் திருடர் ஒரு முறையன்று, பலமுறை தோண்டிச் சென்றனர். நண்பர்க்கு ஈந்ததும் திருடர் கவர்ந்ததும் ஆகிய இரண்டும் சேர்ந்தே அக்கிழங்குகளை நாடெங்கும் பரப்பின எனலாம்.

இதன்பின் நடந்த டூலிப் வணிகப் பித்தைப் பற்றி நீங்கள் எங்கேனும் படித்திருப்பீர்கள். மண்ணுக்குள் இருக்கும் கிழங்கைக் கண்ணால் காணாமலே சீட்டு எழுதி வாங்குவதும் விற்பதுமாக விலை ஏறிக்கொண்டே போய், 1637-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் ஹார்லெமில் வாங்குவாரின்றிச் சரிந்தது. நாடே பிச்சை எடுத்தது, பலர் கால்வாயில் விழுந்து மாண்டனர் என்றெல்லாம் கதை சொல்லப்படுவதுண்டு. 1841-இல் சார்லஸ் மெக்கே என்ற ஸ்காட்லாந்துக்காரர் எழுதிய நூலே இக்கதையை உலகெங்கும் கொண்டு சென்றது. அண்மைக் காலத்தில் ஆன் கோல்ட்கார் என்ற வரலாற்றாசிரியர் அக்காலத்து ஒப்பந்தங்களையும் நீதிமன்ற ஏடுகளையும் புரட்டிப் பார்த்து, முற்றிலும் அழிந்துபோன குடும்பங்கள் மிகச் சிலவே என்று 2007-ஆம் ஆண்டு காட்டினார். சுவையான கதை ஆவணத்தை முந்திக்கொண்டு ஓடிவிடும்; அதனைப் பிடித்து நிறுத்த முந்நூற்றெழுபது ஆண்டுகள் ஆயின. அக்காலத்தார் பெருவிலை கொடுத்த கோடு போட்ட டூலிப் பூக்கள் உண்மையில் நோய்வாய்ப்பட்டவை என்பதும், அந்த வண்ணக் கோடுகள் ஒரு நச்சுயிரியின் வேலை என்பதும் 1920-களின் இறுதியில் தெளிந்தன. பித்தைப் பற்றி இவ்வளவு போதும். நமக்கு வேண்டியது புட்டி.

பதினெட்டாம் நூற்றாண்டில் டூலிப்பின் இடத்தை ஹயசிந்த் பிடித்துக்கொண்டது. ஹார்லெமைச் சுற்றியுள்ள கடற்கரை மணற்பாங்கான நிலம் இக்கிழங்குகளுக்கு மிகவும் ஏற்றது. நீர் தேங்காமல் வடிந்துவிடும். அந்நகரத் தோட்டக்காரரான பீட்டர் வோர்ஹெல்ம் என்பவரைப் பற்றி ஒரு செய்தி வழங்குகிறது. இதழ்கள் அடுக்கடுக்காக அமைந்த ஹயசிந்த் பூக்கள் அவ்வப்போது தோன்றுவதுண்டு. அவை விதை கொடா. ஆகையால் பயனற்றவை என்று கருதி அவர் பிடுங்கி எறிந்து வந்தார். ஓராண்டு அவர் நோயுற்றுப் படுத்துவிட்டார். பாத்திகளைப் பார்க்க ஆளில்லை. எழுந்து வந்தபோது அவ்வாறான அடுக்குப் பூ ஒன்று முழுதாக மலர்ந்து நிற்பதைக் கண்டார். அதன் அழகில் ஈடுபட்டார். அதனைப் பெருக்கத் தொடங்கினார். அவர் வளர்த்தெடுத்த அடுக்கு வகைகளுள் ஒன்று மூன்றாம் வில்லியம் மன்னரின் நினைவாகப் ‘பெரிய பிரிட்டனின் மன்னர்’ என்று பெயர் பெற்று, ஒரு கிழங்கு ஆயிரம் கில்டருக்கும் மேல் விலை போயிற்று. நோயாளியின் படுக்கை தோட்டத்துக்கு நன்மை செய்த கதை இது.

இத்தகைய விலை உயர்ந்த பூவை ஏப்ரல் மாதத்தில் தோட்டத்தில் கண்டு களிப்பதோடு மனிதன் நிற்பானா? பனிக்காலத்திலேயே, தன் அறையிலேயே காண விரும்பினான். இங்கேதான் நம் பொறியாளர் வருகிறார். மார்ட்டின் டிரீவால்ட் என்பவர் சுவீடன் நாட்டவர். ஏறக்குறைய பத்து ஆண்டுகள் இங்கிலாந்தில் தங்கி, சுரங்கத்து நீரை இறைக்கும் நீராவி எந்திரத்தின் நுட்பங்களைக் கற்றுக்கொண்டு தாயகம் திரும்பி, டன்னமோரா இரும்புச் சுரங்கத்தில் 1728-ஆம் ஆண்டு அத்தகைய எந்திரம் ஒன்றை நிறுவினார். பின்னாளில், 1739-இல், சுவீடன் விஞ்ஞானக் கழகத்தைத் தோற்றுவித்த சிலருள் அவரும் ஒருவர். இத்தகையவர் தம் ஓய்வு நேரத்தில் பூங்கிழங்குகளை நீர் நிறைந்த கண்ணாடிக் கலங்களின் மேல் வைத்து, மண்ணின்றியே பனிக்காலத்தில் பூக்கச் செய்து பார்த்தார். செய்தி லண்டன் ராயல் சொசைட்டிக்கு எட்டியது. செல்சி மருந்துத் தோட்டத்தின் தலைவராக இருந்த பிலிப் மில்லர் அதே சோதனையைத் தாமும் செய்தார். 1730-களின் தொடக்கத்தில் அக்கழகத்தின் ஏட்டில் இவை வெளியாயின. சுரங்கத்து ஆழத்திலிருந்து நீரை மேலேற்றியவரே, நீருக்குள் வேரை இறக்கியும் பார்த்தார் என்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும் செய்தி.

சோதனைச்சாலையிலிருந்து வரவேற்பறைக்கு வர இதற்கு நெடுங்காலம் ஆகவில்லை. கழுத்துச் சிறுத்து வாய் விரிந்த கண்ணாடிக் குவளைகள் இதற்கெனவே செய்யப்பட்டன. கிழங்கு மேலே அமரும். வேர் கீழே நீரில் தொங்கும். பிரெஞ்சு மன்னரின் அன்புக்குரிய பொம்பதூர் சீமாட்டி இம்மலரிடம் பெருவிருப்பம் கொண்டிருந்தார். அரண்மனை விரும்பியதைச் செல்வர் விரும்பினர். இங்கிலாந்தில் ஜோசையா வெட்ஜ்வுட் என்ற புகழ்பெற்ற மட்பாண்டக் கைவினைஞர் முள்ளெலி வடிவத்தில் ஒரு பாண்டம் செய்தார். அதன் முதுகெங்கும் துளைகள்; உள்ளே குரோக்கஸ் என்னும் சிறு பூங்கிழங்குகளை வைத்தால், இலைகள் துளைகளின் வழியே முட்களைப்போல் நீட்டிக்கொண்டு வெளிவரும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கண்ணாடியின் விலையும் கிழங்கின் விலையும் இறங்கவே, இவ்வழக்கம் எளிய குடும்பங்களின் சன்னல்களுக்கும் வந்து சேர்ந்தது.

அக்காலத்து இல்லத்தரசிகளுக்கும் தோட்டக்காரர்களுக்கும் இதில் சில முறைகள் கைவந்திருந்தன. கிழங்கைக் குவளையில் வைத்தவுடன் வெளிச்சத்தில் வைக்கக் கூடாது. குளிர்ந்த, இருண்ட நிலவறையில் பல வாரங்கள் வைக்க வேண்டும். நீர் கெடாதிருக்க ஒரு கரித்துண்டைப் போட வேண்டும். வேர் நன்றாக இறங்கி, முளை விரலளவு வந்த பின்னரே மெல்ல வெளிச்சத்துக்குக் கொண்டுவர வேண்டும். முளையின்மீது காகிதத்தால் செய்த கூம்புக் குல்லாய் ஒன்றைக் கவிழ்த்து வைத்தால் தண்டு மேலெழும். இவ்வளவும் அவர்களுக்குத் தெரியும். ஏன் இப்படிச் செய்ய வேண்டும் என்று கேட்டால் விடை தெரியாது. பாட்டி செய்தாள், தாய் செய்தாள், நாமும் செய்கிறோம் என்பதே விடை. இருநூறு ஆண்டுகள் இவ்வாறே கழிந்தன.

‘ஏன்’ என்பது தெரியாததால் வரும் துன்பத்தை நானே ஒருமுறை பட்டிருக்கிறேன். என்னிடம் படித்த மாணவர் ஒருவர் கப்பலில் வேலைக்குச் சேர்ந்து, விடுமுறையில் ஊர் திரும்பியபோது ரோட்டர்டாம் துறைமுகத்தில் வாங்கிய மூன்று ஹயசிந்த் கிழங்குகளை எனக்குக் கொண்டுவந்து கொடுத்தார். கார்த்திகை மாதம். ஆண்டுதோறும் வெங்காயம் வைத்துப் பழகிய கையன்றோ! மூன்று புட்டிகளில் மூன்றையும் அமர்த்தி, நல்ல வெயில் விழும் சன்னலில் வைத்து, பொங்கலுக்குள் நீலப்பூ காணலாம் என்று வகுப்பில் அறிவித்தும்விட்டேன். ஒரு கிழங்கு அழுகிப் போயிற்று. மற்ற இரண்டும் இலை விட்டன. ஆனால், பூங்கொத்து மேலே எழவேயில்லை. இலைகளின் இடுக்கில், கிழங்கின் கழுத்தருகிலேயே நெருக்குண்டு நின்று, நான்கைந்து மணிகள் பாதி திறந்து, பழுத்து, கருகிவிட்டன. “வெங்காயம் பூத்ததா, ஐயா?” என்று சக ஆசிரியர்கள் கேட்டுக்கொண்டேயிருந்தார்கள். மட்டமான சரக்கை யாரோ மாணவரின் தலையில் கட்டிவிட்டார்கள் என்று எண்ணிச் சமாதானம் அடைந்தேன். கிழங்கின்மீது குற்றமில்லை, குற்றம் என்னுடையது என்று தெரிய எனக்குச் சில ஆண்டுகள் ஆயின.

அதைத் தெரிவித்தவர் அன்டன் ஹென்ட்ரிக் பிளாவ் என்ற டச்சு விஞ்ஞானி. 1882-இல் பிறந்த இவர், ஓட்ஸ் முளை வெளிச்சத்தை நோக்கி வளைவதை அளந்து இளமையிலேயே பெயர் பெற்றவர். 1918-ஆம் ஆண்டு வாகனிங்கன் வேளாண்மைக் கல்லூரியில் பேராசிரியரானார். அவரும் ஈடா லூய்டன் முதலிய அவருடைய துணைவரும் செய்த வேலை பொறுமைக்கு இலக்கணம். ஒரே வகைக் கிழங்குகளை வெவ்வேறு வெப்பநிலைகளில் அடுக்கி வைத்தார்கள். குறித்த கால இடைவெளியில் ஒவ்வோர் அடுக்கிலிருந்தும் சிலவற்றை எடுத்து, ஏடு ஏடாக உரித்து, நடுவேயுள்ள குண்டூசித்தலை அளவான வளர்நுனியை உருப்பெருக்கியில் பார்த்துப் படம் வரைந்தார்கள். ஆண்டு முழுவதும் இவ்வேலை நடந்தது. பிறகு அடுத்த ஆண்டும் நடந்தது.

அவர்கள் கண்டது என்ன? கோடையில் கிழங்கைத் தோண்டி எடுத்து உலர்ந்த அறையில் போட்டுவைக்கிறோமே, அது அப்போது தூங்குகிறது என்றுதானே நினைப்போம்? உண்மையில் அதுதான் அதன் முக்கியமான வேலைக்காலம். ஹயசிந்தின் அடுத்த ஆண்டுப் பூங்கொத்து முழுவதும், ஒவ்வொரு மணியும், அந்த வெப்ப மாதங்களில்தான் கிழங்கினுள் உருவாகிறது. அதற்கு ஏற்ற வெப்பநிலை ஏறத்தாழ 25 பாகை. இலையுதிர்காலத்தில் ஒரு கிழங்கை நெடுக்காகப் பிளந்தால், நெல்மணி அளவில் பூங்கொத்து உள்ளே தயாராக நிற்பதைக் காணலாம். ஆனால், உருவான பூ வெளியே வர வேண்டுமாயின் தண்டு நீள வேண்டும். தண்டு நீள்வதற்கான ஆயத்தம் குளிரில் மட்டுமே நடைபெறுகிறது. ஏறத்தாழ 9 பாகைக் குளிரில் பத்துப் பன்னிரண்டு வாரங்கள் இருக்கும்போது வேர் இறங்குகிறது. உள்ளே உள்ள மாவுப்பொருள் சர்க்கரையாக மாறுகிறது. தண்டு எழுச்சிக்கு ஆயத்தமாகிறது. அதன்பிறகு வெதுவெதுப்பு வந்தால் பூ மேலே எழுகிறது. முதலில் வெப்பம், பின் குளிர், பின் இளஞ்சூடு. சிரியா நாட்டு மலைச்சரிவின் கோடையும் பனிக்காலமும் இளவேனிலும் இவை மூன்றுந்தாம். கிழங்கு தன் பிறந்த ஊரின் பஞ்சாங்கத்தை மறக்கவில்லை.

நம் சமவெளிச் சன்னலில் நான் கொடுத்தது என்ன? வெப்பம், பிறகு வெப்பம், அதன்பிறகும் வெப்பம். பூ உள்ளே இருந்தது. எழுந்து வர வழியில்லை. பாட்டிமார் நிலவறையில் வைத்ததன் பொருள் எனக்கு அப்போதுதான் விளங்கியது. இன்று ஹயசிந்த் கிழங்கு உங்களில் எவருக்கேனும் கிடைத்தால், குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் காகித உறையிலிட்டுப் பத்து வாரம் வையுங்கள். ஆப்பிளையும் வாழைப்பழத்தையும் அதே பெட்டியில் வைக்காதீர்கள். பழுக்கும் பழத்திலிருந்து எழும் எதிலீன் என்னும் வாயு, உள்ளே இருக்கும் பூவைக் கருக்கிவிடும். வெறுங்கையால் தொட்டால் சிலருக்கு அரிக்கும் என்பதையும், இக்கிழங்கு நஞ்சுடையது, வாயில் வைக்கலாகாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். விஞ்ஞானிகளுக்குச் சற்று முன்னரே, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், லிசே என்ற ஊரைச் சேர்ந்த நிக்கோலாஸ் டாமெஸ் என்னும் தோட்டக்காரர், கிழங்கை வழக்கத்துக்கு முன்பே தோண்டி எடுத்து வெதுவெதுப்பான கொட்டகையில் வைத்தால் கிறிஸ்துமஸ் பண்டிகைக்கே பூக்கும் என்று தம் அனுபவத்தால் கண்டுகொண்டார். பிளாவும் அவர் துணைவரும் அந்த வழிக்கு அளவும் காரணமும் தந்தார்கள். அதன் பயனாக, முதலில் சுமார் 30 பாகை, பிறகு 25 பாகை, பின் படிப்படியாகக் குறைத்தல் என்று கணக்கிட்டு ஆயத்தம் செய்த கிழங்குகள் கடைக்கு வந்தன. ஆங்கிலேயத் தோட்டக்காரர் இக்கலைக்கு ‘பலவந்தம் செய்தல்’ என்று பொருள்படும் ஒரு சொல்லை வழங்குகின்றனர். அது பொருத்தமற்ற சொல் என்பது என் கருத்து. கிழங்கை எவரும் பலவந்தம் செய்துவிட முடியாது என்பதற்கு என் புட்டிகளே சாட்சி. அதற்கு உரிய பருவங்களை அதே வரிசையில், சற்று முன்னதாக, நாம் கொடுத்தால்தான் அது இணங்குகிறது.

எல்லாக் கிழங்கும் குளிரைக் கேட்பதில்லை என்பதையும் இங்கே குறிக்க வேண்டும். நார்சிசஸ் இனத்தில் கொத்தாகப் பூக்கும் ஒரு வகை உண்டு. அதன் பூர்வீகம் மத்தியதரைக் கடற்கரை. அங்கே குளிர்காலம் மென்மையானது, மழை பொழிவதும் அப்போதுதான். ஆதலால் அது பனிக்காலத்திலேயே இயல்பாகப் பூக்கிறது. இந்த வகை நெடுங்காலத்துக்கு முன்பே சீனாவுக்குச் சென்று, அங்கே ‘நீர்த்தெய்வம்’ என்று பொருள்படும் பெயரைப் பெற்றது. பூஜியான் மாநிலத்தின் சாங்சோ நகரம் அதற்குப் பேர்போனது. சீனர் கூரிய கத்தியால் கிழங்கின் பக்கத்தைச் செதுக்கி, இலைகள் நண்டின் கால்களைப்போல் வளைந்து வளருமாறு செய்து, கூழாங்கற்களும் நீரும் நிறைந்த தட்டில் வைத்து, சரியாகத் தம் புத்தாண்டு நாளில் பூக்கும்படி நாள் கணக்கிடுகின்றனர். ஐரோப்பியர் குளிரை அளந்தனர். சீனர் கத்தியைப் பழக்கினர்.

இனி, முன்னர்ச் சொல்வதாகச் சொன்ன அந்தப் பசிக்கு வருகிறேன்.

இரண்டாம் உலகப் போரில் 1940-ஆம் ஆண்டு மே மாதம் ஹாலந்து ஜெர்மானியரின் பிடியில் விழுந்தது. 1944 செப்டம்பரில் நேச நாட்டுப் படைகள் நாட்டின் தென்பகுதிக்கு வந்தபோது, அவர்களுக்குத் துணையாக டச்சு ரயில்வே தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். ஜெர்மானியர் அதற்குத் தண்டனையாக மேற்குப் பகுதி நகரங்களுக்கு உணவு செல்வதைத் தடுத்தனர். தடை நீக்கப்பட்டபோது கால்வாய்கள் உறையத் தொடங்கிவிட்டன, படகுகள் நகரவில்லை, நிலக்கரியும் இல்லை. ஆம்ஸ்டர்டாம், ரோட்டர்டாம், ஹேக், லெய்டன், ஹார்லெம் ஆகிய அதே பழைய பூங்கிழங்கு நகரங்களில் பஞ்சம் சூழ்ந்தது. 1945 பிப்ரவரி இறுதியில் ஒருவருக்கு ஒரு நாளைக்குக் கிடைத்த பங்கீட்டு உணவு ஏறத்தாழ 580 கலோரி. வளர்ந்த ஒருவருக்கு வேண்டியதில் அது நான்கில் ஒரு பங்குதான். ஏறத்தாழ 20,000 பேர் மாண்டனர். டச்சு மக்கள் அதைப் ‘பசிக் குளிர்காலம்’ என்று இன்றும் பெயர் சொல்லி நினைக்கின்றனர்.

போர்க்காலத்தில் ஏற்றுமதி இல்லாமல் தோட்டக்காரர்களின் கொட்டகைகளில் டூலிப் கிழங்குகள் தேங்கிக் கிடந்தன. அவற்றில் மாவுப்பொருள் உண்டு. அதிகாரிகள் மருத்துவர்களைக் கலந்துகொண்டு அவற்றை உணவாக விற்க இசைந்தனர். சமைக்கும் முறைகளும் அச்சிட்டு வழங்கப்பட்டன. வெளித்தோலை உரித்து, இரண்டாகப் பிளந்து, நடுவேயுள்ள மஞ்சள் நிற முளையைக் கட்டாயம் நீக்கிவிட்டு, எஞ்சியதை வேகவைத்து மசித்தோ கஞ்சியாக்கியோ உண்ண வேண்டும். நீக்கச் சொன்ன அந்த முளை எது தெரியுமா? அதுதான் பூ. பிளாவும் லூய்டனும் உருப்பெருக்கியில் பார்த்துப் படம் வரைந்த அந்த வளர்நுனியை, ஹேக் நகரத்துத் தாய்மார் அடுக்களைக் கத்தியால் தோண்டி எறிந்தார்கள். ஹயசிந்தையும் டாஃபோடிலையும் தவறி உண்டவர்களுக்கு நஞ்சு ஏறியது. டூலிப்பின் சுவையைப் பற்றி அன்று குழந்தைகளாக இருந்தவர்கள், உலர்ந்த மண் போன்றது, ஈரமான மரத்தூள் போன்றது என்று பலவாறு கூறுவர். இனிப்பாக இருந்தது என்று சொல்பவரும் உண்டு. பசித்தவர் சொல்லும் சுவையை வயிறு நிறைந்தவர்கள் எடைபோட முடியாது.

1562-ஆம் ஆண்டு வணிகர் எண்ணெயும் காடியும் சேர்த்து உண்டார். 1945-இல் எண்ணெயும் இல்லை.

1945 மே மாதம் 5-ஆம் நாள் ஹாலந்திலிருந்த ஜெர்மானியப் படை பணிந்தது. அந்நாட்டை விடுவிப்பதில் பெரும்பங்கு ஏற்றவை கனடா நாட்டுப் படைகள். போர் நடந்த ஆண்டுகளில் டச்சு இளவரசி யூலியானா தம் குழந்தைகளுடன் கனடாவின் தலைநகரான ஓட்டாவாவில் அடைக்கலம் புகுந்திருந்தார். அவருடைய மூன்றாம் மகள் மார்கிரியட் 1943-இல் அங்கேதான் பிறந்தார். பஞ்சம் நீங்கிய அதே ஆண்டின் இலையுதிர்காலத்தில், அந்த நன்றிக்காக ஹாலந்திலிருந்து ஒரு லட்சம் டூலிப் கிழங்குகள் ஓட்டாவாவுக்குக் கப்பலேறின. சில மாதங்களுக்கு முன் அதே கிழங்கைப் பிளந்து கஞ்சி காய்ச்சிய மக்கள் அனுப்பிய பரிசு அது. ஓட்டாவாவில் அவற்றுக்குக் கண்ணாடிக் குவளையும் நிலவறையும் தேவைப்படவில்லை. அந்நகரத்து மண்ணுக்குள் புதைத்து வைத்தார்கள். மேலே பனி விழுந்து மூடியது. மறு ஆண்டு மே மாதம் பூத்தன.